சோபா கடையில் சாப்பிடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வேலை நிமித்தமாகவும் சுற்றுலாவாகவும் வரும் நண்பர்களும் உறவினர்களும், தெருமுனையில் துணித்திரை தொங்கும் சிறிய சோபா (ஜப்பானிய நூடுல்ஸ் வகை) கடையைப் பார்த்துவிட்டு உள்ளே போகத் தயங்குகிறார்கள். பிறகு ஏறக்குறைய ஒரே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களை மாற்றாமல் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னது இன்னொன்றுக்கும் பொருந்துமானால், திரும்பச் சொல்லாமல் அந்த இடத்தைச் சுட்டியிருக்கிறேன்.

சோபா என்பது கோதுமை நூடுல்ஸ்தானே? நிறம் மட்டும்தானே வேறு?

அன்று. சோபாவின் மாவு பக்வீட் என்ற செடியின் விதையிலிருந்து வருகிறது. நெல், கோதுமை போலப் புல்லினத்தைச் சேர்ந்த தானியம் இல்லை இது. முக்கோண வடிவமும் கறுத்த தோலும் கொண்ட சிறு விதை. வட இந்தியாவில் நவராத்திரி விரத நாள்களில் அரிசியையும் கோதுமையையும் விலக்குகிறவர்கள் பூரி சுட்டுச் சாப்பிடும் 'குட்டு' மாவு இதே விதையின் மாவுதான். ஜப்பானில் இது மிகுதியாக விளைவது வடக்கே ஹொக்கைடோவில். புதிய அறுவடை மாவு கடைகளுக்கு வரும் இலையுதிர் காலத்தில், 'ஷின் சோபா' வந்துவிட்டது என்று வாசலில் தாள் ஒட்டியிருப்பார்கள்.

இந்த மாவில் கோதுமைக்குரிய ஒட்டும் தன்மை இல்லாததால், நீட்டி மெல்லியதாக வெட்டும்போது எளிதில் உடைந்துவிடும். அதனால் பெரும்பாலான நல்ல கடைகள் எட்டுப் பங்கு சோபா மாவுக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்க்கின்றன. இதற்கு 'நிஹாச்சி' என்று பெயர். கோதுமையே சேர்க்காதது 'ஜூவாரி'. நூறு விழுக்காடு என்பதாலேயே ஜூவாரி உயர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். அதன் மணம் கூடுதல்தான். ஆனால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் இன்பத்தை நிஹாச்சியே நன்றாகத் தருகிறது என்பது என் கருத்து.

கடை திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறதே?

வாசலில் 'நோரென்' என்ற துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது; அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. கதவு சாத்தியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம், பக்கவாட்டில் தள்ளித் திறந்துகொண்டு போகலாம். பழைய கடைகளின் திரையில் சோபா என்ற பெயரை இன்று வழக்கொழிந்த பழைய எழுத்து வடிவில் எழுதியிருப்பார்கள். ஆகவே ஜப்பானிய எழுத்துகளை அரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்டு வந்தவர்களுக்கும் அது புரியாது; அதற்காக வருந்தத் தேவையில்லை.

பொதுவாக முற்பகல் 11 அல்லது 11.30 மணிக்குத் திறந்து பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு மூடி, மீண்டும் மாலை 5 மணியளவில் திறப்பார்கள். மதியம் மட்டும் நடக்கும் கடைகளும் உண்டு. அன்றைக்குப் பிசைந்த மாவு தீர்ந்துவிட்டால், நேரம் மீதமிருந்தாலும் திரையை எடுத்துவிடுவார்கள். எனவே 'இரண்டு மணி வரை உண்டே' என்று ஒன்றே முக்காலுக்குப் போய் நிற்பது நல்ல திட்டம் இல்லை.

உள்ளே போனதும் நாமே உட்கார்ந்துகொள்ளலாமா?

வாசலருகே நின்று எத்தனை பேர் என்பதை விரலால் காட்டினால் போதும். இடத்தை அவர்கள் காட்டுவார்கள். பல கடைகளில் மொத்தமே பதினைந்து, இருபது பேருக்குத்தான் இடம் இருக்கும். நெரிசல் வேளையில் அறிமுகமில்லாதவருடன் ஒரே மேசையில் அமர நேரலாம். பாய் விரித்த உயர்ந்த தளத்தில் இடம் கொடுத்தால், செருப்பைக் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும். அமர்ந்ததும் ஈரத்துண்டும் தேநீரும் வரும். துண்டு கை துடைப்பதற்கு. தேநீருக்குப் பணம் இல்லை. சில இடங்களில் அது வறுத்த சோபா விதையில் போட்ட 'சோபாச்சா'வாக இருக்கும், மணமாக இருக்கும்.

எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து இத்தகைய கடைக்குப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பாதிக் கடையை நாமே அடைத்துக்கொள்வோம். அடுப்படியில் ஒருவரோ இருவரோதான் நிற்பார்கள். கடைசித் தட்டு வருவதற்குள் முதல் தட்டு ஒட்டிப்போயிருக்கும். இருவராக, மூவராகப் பிரிந்து போவது எல்லோருக்கும் நல்லது.

பட்டியலில் முப்பது பெயர் இருக்கிறது. முதல்முறை போகிறவள் எதைக் கேட்பது?

பெயர் எத்தனை இருந்தாலும் இரண்டே வகைதான்: வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசித் தட்டில் வைத்து, தொட்டுக்கொள்ளச் சாற்றுடன் தருவது ஒன்று, சூடான சாற்றில் கிண்ணத்தில் மிதக்கவிட்டுத் தருவது மற்றொன்று. முதல்முறை குளிர்ந்ததையே கேளுங்கள், குளிர்காலமாக இருந்தாலும் சரி. 'மோரி', 'செய்ரோ', 'சாரு' எல்லாம் அந்த வகைதான். சாருவின் மேல் பெரும்பாலும் கடற்பாசித் தாளை நறுக்கித் தூவியிருப்பார்கள். மாவின் மணமும் நூடுல்ஸ் நூலின் உறுதியும் இதில்தான் தெரியும். சூடான சாற்றில் இரண்டும் விரைவில் தளர்ந்துவிடும்.

சூடானவற்றில், மேலே ஒன்றும் போடாதது 'காக்கே'. இனிப்பாக வேகவைத்த பொரித்த சோயாக்கட்டித் தாள் போட்டால் 'கிட்சுனே'. பச்சை முட்டையை உடைத்து ஊற்றினால் 'ட்சுகிமி'. மஞ்சள் கருவை நிலவாகப் பார்க்கிறார்கள். வாத்து இறைச்சியும் தடித்த வெங்காயத்தாளும் சேர்ந்தால் 'காமோ நான்பான்'. 'தானுகி' மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: டோக்கியோவில் தெம்புரா (காய்கறி, இறால் முதலியவற்றை மாவில் தோய்த்துப் பொரிப்பது) பொரிக்கும்போது உதிர்ந்த மாவுப் பொரியைத் தூவியது, ஒசாகாவில் நான் கிட்சுனே என்று சொன்ன அதே பண்டம், கியோத்தோவில் கெட்டியான சாற்றில் இஞ்சியுடன் வருவது.

தட்டில் நூடுல்ஸ், சிறு குவளையில் சாறு. சாற்றை மேலே ஊற்றிக் கலந்துகொள்ளலாமா?

ஊற்றக் கூடாது. தட்டில் சோபாவுக்கு அடியில் இருப்பது நீர் வடிவதற்கான மூங்கில் பாய்; ஊற்றிய சாறு அதன் வழியே இறங்கி மேசையில்தான் ஓடும். முதலில் ஒன்றிரண்டு நூல்களை எதுவும் தொடாமல் வாயிலிட்டுப் பாருங்கள். பிறகு ஒரு வாய்க்கு வேண்டிய அளவு, அதாவது ஆறேழு நூல், குச்சியால் தூக்கிக் குவளையில் நனைத்துச் சாப்பிடுங்கள். அதிகமாக அள்ளினால் நடுவில் சிக்கிக்கொண்டு மொத்தத் தட்டும் கூடவே எழும்பி வரும்.

எவ்வளவு நனைப்பது என்பது சாற்றைப் பொறுத்தது. டோக்கியோவின் பழைய கடைகளில் சாறு கறுத்தும் கடுமையான உப்போடும் இருக்கும். அங்கே நூலின் நுனியில் மூன்றில் ஒரு பங்கை நனைத்தால் போதும். மென்மையான சாறாக இருந்தால் முழுவதையும் முக்கலாம். இதைச் சோதிக்க, சாற்றைத் துளி நாக்கில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வசாபி என்ற காரமான பச்சை விழுதைச் சாற்றில் கரைத்தால் இரண்டின் மணமும் கெடுகிறது. நூலின் மேல் சிறிது தடவிக்கொள்வது மேல். நறுக்கிய வெங்காயத்தாளைப் பாதித் தட்டு முடிந்தபின் சாற்றில் போடுங்கள். முதலிலேயே போட்டால் அதன் வாடைதான் முன்னே நிற்கும்.

சத்தமாக உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டுமா? எங்கள் வீட்டில் அப்படிச் சாப்பிட்டால் திட்டு விழும்.

இங்கே விழாது. சோபாவின் மணம் மெல்லியது. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போதுதான் அது மூக்குவரை எட்டுகிறது. அதனால் உறிஞ்சும் ஓசையை யாரும் குறையாக எண்ணுவதில்லை. கட்டாயமும் இல்லை, ஓசையின்றிச் சாப்பிடுகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓசையை விட வேகம் முக்கியம். கையால் வெட்டிய மெல்லிய சோபா ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வெந்துவிடுகிறது, தட்டுக்கு வந்த சில நிமிடங்களிலேயே உலர்ந்து ஒட்டத் தொடங்குகிறது. நான்கு கோணத்தில் படம் எடுத்து முடிப்பதற்குள், சமைத்தவர் செய்தது ஒன்று, நீங்கள் சாப்பிடுவது வேறொன்று என்று ஆகிவிடும்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் மூக்கு நீண்ட சதுரப் பாத்திரத்தில் கலங்கலான வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். கை கழுவவா?

குடிக்க. அது 'சோபாயு', சோபா வெந்த நீர். நம் வீடுகளில் சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்போமே, அந்த வகை. குவளையில் மிஞ்சிய சாற்றில் வேண்டிய அளவு ஊற்றிக் கலக்கிக் குடிக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்று தொடங்கி, உப்புக் கரித்தால் மேலும் ஊற்றிக்கொள்ளலாம். சாற்றில் போடாமல் வைத்திருந்த வெங்காயத்தாளையும் வசாபியையும் இப்போது போட்டால் நன்றாக இருக்கும். காலையில் முதல் ஆளாகப் போனால் சோபாயு தெளிந்த நீராகத்தான் இருக்கும். பல தட்டுகள் வெந்தபின் மதியத்துக்கு மேல் போனால் பால்போல் கெட்டியாகியிருக்கும். சில கடைகளில் தனியாக மாவு கரைத்தும் கெட்டியாக்குகிறார்கள்.

இது பெரும்பாலும் குளிர்ந்த சோபா வாங்கியவர்களுக்கே வரும். குவளையில் சாறு மீதமிருக்கும்படி சாப்பிட்டிருக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அளவாக நனைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் சைவம். காய்கறி தெம்புராவோடு சோபா வாங்கினால் பிரச்சினை இல்லைதானே?

பிரச்சினை உண்டு, இந்தக் கேள்விக்குத்தான் மழுப்பலான பதிலை எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். மேலே என்ன போடுகிறார்கள் என்பதில் பிரச்சினை இல்லை, சாற்றில் இருக்கிறது. சோயா சாறு, மிரின், சர்க்கரை ஆகியவற்றைக் காய்ச்சி ஊறவைத்த 'காயெஷி'யை 'தாஷி' என்ற வடிநீரோடு கலந்துதான் சோபாச் சாறு தயாராகிறது. அந்த தாஷி, கட்சுவோ என்னும் சூரை மீனைப் புகையிட்டு மரக்கட்டைபோல் உலர்த்திச் சீவிய 'கட்சுவோபுஷி'யில் இறங்கியது. கானாங்கெளுத்திச் சீவலைச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆகவே மேலே ஒன்றும் போடாத காக்கேயும் சைவம் அன்று. தெம்புரா மாவிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். இறால் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயும் பொரியும்.

'நான் வெஜிடேரியன்' என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். 'கட்சுவோ தாஷி மோ தாபெராரெமாசென்', அதாவது கட்சுவோ வடிநீரும் உண்ண இயலாது, என்று சொன்னால்தான் விஷயம் போய்ச் சேரும். அப்போது பெரும்பாலான சிறிய கடைகள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இயலாது என்றே சொல்லும். சாறு முன்பே காய்ச்சி வைத்தது. உங்களுக்காகத் தனியாக ஒன்று செய்ய முடியாது. குளிர்ந்த சோபாவைச் சாறின்றி உப்பு தொட்டுச் சாப்பிடலாம். ஜூவாரி தரும் சில கடைகள் தாங்களாகவே உப்பை வைப்பதுண்டு. உண்மையில் அது சுவையானதும்கூட. கண்டிப்பான சைவர்கள், கடற்பாசியிலும் காளானிலும் தாஷி இறக்கும் சைவ உணவகங்களைத் தேடிப் போவதே நல்லது.

மீன் வடிநீர் பரவாயில்லை, துண்டு மட்டும் கூடாது என்பவர்களுக்குத் தடை குறைவு. கிட்சுனே, மலைக்கீரைகள் போட்ட 'சான்சாய்', துருவிய கிழங்குக் கூழ் ஊற்றிய 'தோரொரோ' ஆகியவை உண்டு. துருவிய முள்ளங்கி போட்ட 'ஓரோஷி'யின் மேல் மீன் சீவலைத் தூவுவார்கள். முன்கூட்டியே 'கட்சுவோபுஷி நாஷி' என்று சொல்லிவிடுங்கள்.

மாடு, பன்றி, மது எதுவும் சேரக் கூடாது என்றால்?

'நிகு சோபா' என்றால் இறைச்சி சோபா. கடைக்கு ஏற்ப அது மாடாகவோ பன்றியாகவோ இருக்கும். 'காரே நான்பான்' என்று கறிக் குழம்பு ஊற்றிய சோபாவும் உண்டு. நம் ஊர் ஞாபகத்தில் அதை வாங்கிவிட வேண்டாம், அதில் பன்றியோ கோழியோ இருக்கும். மதுவைப் பொறுத்தவரை, மேலே சொன்ன காயெஷியிலுள்ள மிரின் அரிசியிலிருந்து செய்யும் இனிப்பு மது. காய்ச்சும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும் என்றாலும், அதை ஏற்பதா என்பது அவரவர் முடிவு.

ஒவ்வாமை இருக்கும் என்கிறார்களே, அது உண்மையா, பயமுறுத்தலா?

உண்மை. சோபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உடல் தடிப்பு, மூச்சுத் திணறல் முதலியவை விரைவாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஜப்பானில் பொட்டல உணவுகளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் சிறு பட்டியலில் முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு ஆகியவற்றோடு சோபாவும் இருக்கிறது; 2023-இல் வால்நட்டும் சேர்ந்தது. உணவகத் தட்டுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. எனவே கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

'எனக்கு ஊதோன் கொடுங்கள், அது கோதுமைதானே' என்பதும் தீர்வாகாது. பல கடைகளில் இரண்டும் ஒரே கொப்பரையில் வேகின்றன. மாவும் காற்றில் பறக்கிறது. ஒவ்வாமை இருப்பது தெரிந்தவர் சோபா கடைக்குள் போகாமல் இருப்பதே சரி. சில தங்கும் விடுதிகளில் தலையணைக்குள் சோபா உமி அடைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோதுமை சேராத உடம்பு எனக்கு. ஜூவாரி கேட்டால் போதும் அல்லவா?

போதாது. நூலில் கோதுமை இல்லாவிட்டாலும் சாற்றிலுள்ள சோயா சாற்றைச் செய்யக் கோதுமையும் சேர்க்கிறார்கள். கொப்பரை பற்றி இதற்கு முந்தைய பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும்.

இசுமோவில் சாற்றை மேலேயே ஊற்றச் சொன்னார்கள். ஊற்றக் கூடாது என்றீர்களே?

நான் சொன்னது டோக்கியோ வழக்கம். மேற்கு ஜப்பானிலுள்ள இசுமோவில் சோபா மூங்கில் பாயில் வராது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று வட்டச் செவ்வரக்குக் கிண்ணங்களில் வரும். முதல் அடுக்கில் சாற்றை ஊற்றிச் சாப்பிட்டு, மிஞ்சிய சாற்றை அடுத்த அடுக்கில் கவிழ்த்து, அப்படியே கீழே போக வேண்டும். தோலோடு சேர்த்து அரைப்பதால் அங்கே சோபா கறுப்பாகவும் முரடாகவும் இருக்கும்.

ஊருக்கு ஒரு முறை உண்டு. நீகாத்தாவின் 'ஹெகி சோபா'வில் ஒட்டுவதற்குக் கோதுமைக்குப் பதிலாக ஃபுனோரி என்ற கடற்பாசியைச் சேர்க்கிறார்கள். நெசவுப் பாவுக்குக் கஞ்சி போட அப்பகுதியில் பயன்பட்ட பாசி அது. நாகானோவின் தொகாகுஷியில் ஒரு வாய் அளவுக்குச் சிறு முடிச்சுகளாக அடுக்கித் தருவார்கள். மொரியோகாவின் 'வான்கோ சோபா' தனி விளையாட்டு: பரிமாறுபவர் பக்கத்திலேயே நின்று கிண்ணம் காலியாகக் காலியாக ஒரு வாய் சோபாவைப் போட்டுக்கொண்டே இருப்பார், போதும் என்றால் அவரை முந்திக்கொண்டு மூடியால் கிண்ணத்தை மூடிவிட வேண்டும். பதினைந்து கிண்ணம் சேர்ந்தால் சாதாரணக் கிண்ணம் ஒன்றுக்கு ஈடு என்பார்கள்.

பக்கத்து மேசைக்காரர் ஒரு மணி நேரமாக மது குடிக்கிறார், சோபாவே வாங்கவில்லை. நம்மை மட்டும் ஏன் வேகமாகச் சாப்பிடச் சொல்கிறீர்கள்?

அவர் சோபாவை இனிமேல்தான் கேட்பார். மதிய நெரிசல் ஓய்ந்தபின் சாக்கேயும் சிறு தட்டுகளுமாக அமர்ந்து, இறுதியில் ஒரு தட்டுச் சோபாவுடன் முடிப்பது பழைய பழக்கம். துணைக்கு வருபவை சோபா கடைக்கே உரியவை: வசாபியோடு மீன் அப்பத் துண்டுகள், மரக்கரண்டியில் பூசிச் சுட்ட மிசோ என்ற சோயா விழுது, தாஷி ஊற்றிச் சுருட்டிய முட்டை. சோபாவே இல்லாமல் சாற்றில் தெம்புராவை மட்டும் மிதக்கவிட்ட 'தென்னுகி'யும் உண்டு. மது அருந்தாதவர் சுருட்டிய முட்டையை மட்டும் கேட்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வேகமாகச் சாப்பிடச் சொன்னது சோபா மேசைக்கு வந்தபின்தான்.

யாபு, சாராஷினா, சுனாபா என்ற பெயர்கள் பல கடைகளில் இருக்கின்றன. எல்லாம் ஒரே முதலாளியா?

இல்லை. இவை டோக்கியோவின் மூன்று சோபா மரபுகள். மூலக் கடைகளில் தொழில் கற்றவர்கள் பெயரைப் பெற்றுப் பிரிந்து கடை வைத்ததால் பெயர் பரவியது. யாபு வகையில் நூல் இளம்பச்சைச் சாயலிலும் சாறு உப்புத் தூக்கலாகவும் இருக்கும். சாராஷினா விதையின் வெண்மையான உட்பகுதி மாவில் செய்வது, மணம் குறைவு, வழுவழுப்பு அதிகம். சுனாபாவின் வேர் ஒசாகாவில். 1880-இல் தொடங்கிய காண்டா யாபு சோபா என்ற கடை 2013-இல் தீவிபத்துக்குள்ளாகி, 2014-இல் மீண்டும் திறந்தது. அங்கே மேசையில் கேட்டதைக் கல்லாவில் இருப்பவர் பாட்டுப்போல இழுத்து அடுப்படிக்குச் சொல்வதைக் கேட்பதற்காகவே போகலாம்.

ஆனால் ஒரே ஒரு வேளைதான் சோபாவுக்கு ஒதுக்க முடியும் என்றால், வரிசையில் நின்று பெயர்பெற்ற கடைக்குப் போவதைவிட, தங்கியிருக்கும் இடத்தருகே மாவைத் தாங்களே பிசைந்து வெட்டும் சிறிய கடைக்குப் போவதையே நான் சொல்வேன். பல கடைகளில் மாவு பிசையும் இடம் கண்ணாடிக்குப் பின்னே தெரியும்.

ரயில் நிலையத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர் ஒன்று, பொருள் வேறு. அங்கே இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுத்து நீட்டினால் ஓரிரு நிமிடத்தில் கிண்ணம் வந்துவிடும். சாப்பிட்டதும் நீங்களே கொண்டுபோய்த் திருப்பி வைக்க வேண்டும். பெரும்பாலும் கோதுமையே மிகுந்த நூல். விலையும் பாதிதான். குளிர்கால இரவில், கடைசி ரயிலுக்கு முன், வெங்காயப் பொரியல் ஊறிய அந்தச் சூடான கிண்ணத்தை நான் ஒருபோதும் குறைசொல்லமாட்டேன்.

டிசம்பர் 31 அன்று டோக்கியோவில் இருப்போம். அன்று போகலாமா?

போகலாம், காத்திருக்கத் தயாராக இருந்தால். ஆண்டின் கடைசி நாளில் 'தோஷிகோஷி சோபா' சாப்பிடுவது நாடு முழுவதும் உள்ள வழக்கம்; மெல்லிய நீண்ட நூலை நீண்ட ஆயுளின் அடையாளமாகக் கொள்கிறார்கள். பல கடைகள் அன்று பட்டியலைச் சுருக்கிக்கொள்ளும், வாசலில் வேகவைக்காத சோபாவையும் சாற்றையும் பொட்டலமாக விற்கும். புத்தாண்டு பிறந்ததும் பெரும்பாலானவை சில நாள் மூடிவிடும்.

ஒரு தட்டு போதவில்லை. அரிசி இல்லாமல் வயிறு நிறையாது. பணம் எவ்வளவு வைத்துக்கொள்வது?

தட்டில் இருப்பது குறைவுதான். 'ஓமோரி' என்றால் பெரிய அளவு. இல்லையெனில் இரண்டாவது தட்டு கேட்பது இயல்பான செயல். அக்கம்பக்கத்துச் சாதாரணக் கடைகளில் கோழியும் முட்டையும் சோற்றின் மேல் ஊற்றிய 'ஓயாகோதோன்' போன்றவையும் கிடைக்கும். குழந்தைகளுக்கு அது உதவும். வெறும் செய்ரோ 1,000 யென் அளவிலும், தெம்புராவோடு 2,000 யென் அளவிலும் இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். அன்பளிப்புப் பணம் வைக்கக் கூடாது. வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டதாக எண்ணித் துரத்திக்கொண்டு வருவார்கள். கிளம்பும்போது 'கோச்சிசோசமா' என்று சொன்னால் போதும்.

ஊருக்கு வாங்கிக்கொண்டு போகலாமா?

உலர்ந்த சோபா கெட்டுப்போகாது, பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். பொட்டலத்தின் பின்புறத்தைக் கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியால் படித்துப் பாருங்கள். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் கோதுமை மாவு என்றிருந்தால் அதில் சோபா பாதிக்கும் குறைவு; சோபா மாவு முதலில் வரும் பொட்டலத்தை எடுங்கள். சாற்றுப் புட்டி வாங்கினால் அதிலும் மீன் உண்டா என்று பாருங்கள். கொம்பு என்ற கடற்பாசியில் மட்டும் செய்த சாறும் பெரிய கடைகளில் கிடைக்கிறது. வீட்டில் வேகவைக்கும்போது தண்ணீரைத் தாராளமாக வையுங்கள். வெந்ததும் ஓடும் நீரில் கையால் நன்றாகத் தேய்த்து அலசுங்கள், இல்லாவிட்டால் கொழகொழப்புப் போகாது.